கடல் கடந்த தொண்டர்

முதலாம் உலகப் போர் ஓய்ந்தபின், 1920இல், சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர் பியேர் செரசோல் பல நாட்டு இளைஞர் சிலரைத் திரட்டிப் பிரான்சுக்குச் சென்றார். வெர்டன் அருகே, போரில் அழிந்த எஸ்ன் என்னும் சிற்றூரைக் கட்டியெழுப்புவதே நோக்கம். நேற்றுவரை பகைவராயிருந்த செர்மானியரும் குழுவில் இருந்தமையை ஊராருட் சிலர் பொறுக்கவில்லை; சில மாதங்களில் முகாம் கலைந்தது. செரசோல் சோர்ந்தாரல்லர். 1934 சனவரியில் பீகாரைப் பூகம்பம் குலைத்தபோது கடல் கடந்து வந்து, ஒரு சிலரே துணையாக, 1937 வரை அங்கே கிராமங்களை மீளமைக்கப் பாடுபட்டார். ஆள் குறைந்தமையைத் தோல்வி என்று நான் சொல்லமாட்டேன்.

1961இல் அமெரிக்கா அமைத்த சமாதானப் படை வேறு வழி கண்டது: ஈராண்டுத் தவணை, புறப்படுமுன் மொழிப் பயிற்சி, சீவனத்துக்குப் படி, தவணை முடிவில் ஒரு சிறு தொகை. 1962இல் இலங்கைக்கும் அப்படையினர் வந்தனர். அவருட் பலர் ஆசிரியர்.

மாணவரை நிலைக்கச் செய்வது படிப்பணமா, பழக்கமா? பழக்கமே என்பேன். எங்கள் லயத்தில் விருந்தாளிக்குப் பாய் விரிக்க இடமிராது. ஆயினும் அங்கே ஓரிரவு தங்கியவரே மறுபடி வருவர். 1958 டிசம்பரில் கொழும்பு நாலந்தாக் கல்லூரி ஆசிரியர் ஆரியரத்ன தம் மாணாக்கரைக் கனத்தொலுவ கிராமத்திற்கு அழைத்துச் சென்றார். சாதியால் ஒதுக்கப்பட்ட மக்களோடு அவர்கள் உண்டு, உறங்கி, உழைத்தனர். அம்முகாமே சர்வோதய சிரமதான இயக்கமாய் வளர, பிற்காலத்தில் வெளிநாட்டு இளைஞரும் தேடி வந்து அதில் மண்வெட்டி பிடித்தனர்.