லேஸ் தாளும் ஒரு பென்னித் தபாலும்

1840க்கு முன் பிரிட்டனில் கடிதத்துக்கான காசைப் பெரும்பாலும் வாங்கியவர்தான் கொடுத்தார். எத்தனை மைல் கடந்து வந்தது, உள்ளே எத்தனை தாள் இருக்கிறது என்று பார்த்துத்தான் கட்டணம் போடுவார்கள். உறையில் போட்டு அனுப்பினால் உறையும் ஒரு தாள் கணக்கு; கட்டணம் இரட்டிப்பாகிவிடும். எனவே ஒரே தாளில் எழுதி, அதையே மடித்து, அரக்கு வைத்து ஒட்டி அனுப்புவதுதான் வழக்கம். தாளின் மேல் தாள் ஒட்டி, பூ வைத்து, நாடா கட்டி அலங்கரித்த அட்டையைத் தபாலில் சேர்ப்பது வசதி படைத்தவர்களுக்கே கட்டுபடியாகும்.

அந்த ஆண்டு ஜனவரி 10ஆம் தேதி இந்தக் கணக்கு மாறியது. ரோலண்ட் ஹில் முன்வைத்த திட்டப்படி, அரை அவுன்ஸுக்குள் இருக்கும் கடிதம் நாட்டின் எந்த மூலைக்கும் ஒரே ஒரு பென்னியில் போகும் என்றானது. தாளை எண்ணும் வேலை போய், எடை பார்க்கும் வேலை வந்தது. உறைக்குள் என்ன இருக்கிறது என்பது இனி தபால்காரர்களின் கவலை இல்லை.

இந்த வாய்ப்பைப் பயன்படுத்திக்கொள்ள லண்டனில் ஒரு தொழில் ஏற்கெனவே தயாராக இருந்தது.

தாளில் எம்போஸிங் செய்வது அங்கே 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நன்றாக வேர்விட்டிருந்தது. அதில் பெயர் பெற்றது டாப்ஸ் நிறுவனம். நம் ஊர்க் கல்யாணப் பத்திரிகையின் முகப்பில் பிள்ளையார் புடைத்து நிற்பாரே, அடிப்படையில் அதே நுட்பம்தான். எஃகுத் துண்டில் படத்தைக் குழிவாக, இடவலம் மாற்றிச் செதுக்குவார்கள், இது டை. அதற்கு எதிராக, அந்தக் குழிகளுக்குள் சரியாகப் போய் உட்காரும்படி தோலிலோ அட்டையிலோ மேடான எதிரச்சு ஒன்றைத் தயாரிப்பார்கள். லேசாக ஈரப்படுத்திய தாளை இரண்டுக்கும் நடுவில் வைத்துத் திருகு அழுத்தியை இறக்கினால், தாளின் நார்கள் நீண்டு குழிக்குள் இறங்கிவிடும். காய்ந்த பிறகும் அந்த வடிவம் கலையாது. ஈரம் கூடினால் தாள் கிழியும். குறைந்தால் மடிப்பில் வெடிக்கும். மை எதுவும் கிடையாது. வெளிச்சம் சாய்வாக விழும்போது நிழலே படமாகத் தெரியும்.

இதிலிருந்துதான் லேஸ் தாள் பிறந்தது. 1834இல் டாப்ஸ் பட்டறையில் வேலை பார்த்த ஜோசப் அடன்புரூக் என்பவர், புடைத்த தாளின் மேடுகளை அரத்தால் தேய்த்தால் அந்த இடங்களில் மட்டும் தாள் அறுந்து துளை விழுவதைக் கண்டார் என்று சொல்லப்படுகிறது. கதை எப்படியானாலும், நூலில் பின்னிய லேஸைப் போல் தோன்றும் காகிதம் அதன்பின் பல பட்டறைகளிலிருந்து வரத் தொடங்கியது. பிரிட்டிஷ் அரசு 1836இல் காகித வரியைக் குறைத்ததும் இத்தொழிலுக்குக் கைகொடுத்தது. டாப்ஸ் நிறுவனம் கூட்டாளிகள் மாறும்போதெல்லாம் தன் பெயரையும் மாற்றிக்கொண்டது. தாளின் ஓரத்தில் மிகச் சிறிய எழுத்தில் புடைத்திருக்கும் அந்தப் பெயரைப் பூதக்கண்ணாடியில் படித்துத்தான் சேகரிப்பாளர்கள் இன்றும் தாளின் காலத்தைக் கணிக்கிறார்கள்.

தபால் துறையே எம்போஸிங்கை நம்பியதும் உண்டு. 1847இல் வெளிவந்த ஒரு ஷில்லிங் தபால்தலையில் விக்டோரியா ராணியின் முகம் புடைப்பாக இருந்தது. போலி செய்வது கடினம் என்பது அதற்கு ஒரு காரணம். ஒவ்வொரு தலையையும் தனித்தனியாக அழுத்தியதால் வரிசை கோணலாகி, ஒன்றின் மேல் ஒன்று ஏறிய தலைகளும் உண்டு.

முதல் கிறிஸ்துமஸ் அட்டை என்று பரவலாகச் சொல்லப்படுவது 1843இல் ஹென்றி கோல் வெளியிட்டது. ரோலண்ட் ஹில்லின் தபால் சீர்திருத்தத்தில் அவருக்கு உதவியாக இருந்தவர்தான் இந்தக் கோல். ஓவியர் ஜான் கால்காட் ஹார்ஸ்லி வரைந்த படத்தைக் கல்லச்சில் அடித்துக் கையால் வண்ணம் தீட்டி, ஒரு ஷில்லிங்குக்கு விற்றார்கள். ஒரு ஷில்லிங் என்றால் 12 பென்னி. ஓர் அட்டை வாங்கும் காசில் 12 கடிதம் அனுப்பிவிடலாம். படத்தில் ஒரு குழந்தைக்கு மது புகட்டுவதுபோல் இருந்தது மதுவிலக்குக்காரர்களின் கோபத்தையும் கிளப்பியது. கிறிஸ்துமஸ் அட்டை பரவலாக இன்னும் சில பத்தாண்டுகள் பிடித்தன.

அதுவரை சந்தையைப் பிடித்து வைத்திருந்தவை பிப்ரவரி 14ஆம் தேதிக்கான வேலன்டைன் அட்டைகள். லேஸ் தாள், பட்டு நாடா, கண்ணாடித் துண்டு, உலர்ந்த பூ என்று எதையும் விட்டுவைக்கவில்லை. லண்டனின் வாசனைத் திரவிய வியாபாரி யூஜின் ரிம்மெல் நறுமணப் பொட்டலம் வைத்த வேலன்டைன்களை விற்றார். சார்லஸ் டிக்கன்ஸ் நடத்திய வார இதழ் 1864இல், இத்தகைய அட்டைகள் தயாராகும் பட்டறை ஒன்றைச் சுற்றிப் பார்த்து நீண்ட கட்டுரையே வெளியிட்டது.

கைவேலையை முறையான தொழிலாக ஒழுங்குபடுத்திய பெருமை அட்லாண்டிக்கின் மறுகரையில் இருந்த ஒரு பெண்ணுக்கு உரியது.

எஸ்தர் ஹௌலண்ட் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரில் 1828இல் பிறந்தவர். அப்பாவுக்கு அந்த ஊரில் புத்தகக் கடையும் எழுதுபொருள் கடையும் இருந்தன. மகளை மவுண்ட் ஹோலியோக் பெண்கள் கல்விக்கூடத்துக்குப் படிக்க அனுப்பினார். 1847இல் படிப்பு முடிந்தது. அந்தக் கல்விக்கூடத்தின் நிறுவனர் மேரி லயனுக்கு வேலன்டைன் சமாச்சாரமே பிடிக்காது. ஹௌலண்ட் வெளியேறிய ஆண்டில் அங்கே சேர்ந்த கவிஞர் எமிலி டிக்கின்சன், வேலன்டைன் அனுப்பத் தடை போட்டிருப்பதைத் தன் கடிதம் ஒன்றில் குறிப்பிட்டிருக்கிறார். அப்படிப்பட்ட இடத்தில் படித்தவர்தான் அமெரிக்க வேலன்டைனின் தாய் என்று பின்னால் பெயரெடுத்தார்.

அப்பாவின் வியாபாரத் தொடர்பாளர் ஒருவர் இங்கிலாந்தில் செய்த வேலன்டைன் ஒன்றை அவருக்கு அனுப்பினார். இதைவிட நன்றாகத் தன்னால் செய்ய முடியும் என்று ஹௌலண்டுக்குத் தோன்றியது. அப்பா லேஸ் தாள்களையும் அலங்காரப் பொருள்களையும் வரவழைத்துக் கொடுக்க, பத்துப் பன்னிரண்டு மாதிரிகள் தயாராயின. விற்பனைப் பயணம் புறப்பட்ட அண்ணன் தம்பிகளில் ஒருவர் அவற்றையும் எடுத்துப்போனார். 200 டாலருக்கு ஆர்டர் கிடைத்தால் போதும் என்று காத்திருந்தவருக்கு, 5,000 டாலருக்கு மேல் ஆர்டர் வந்து சேர்ந்தது.

ஒருவர் கையால் ஆகிற காரியமா அது? தோழிகளை அழைத்தார். வீட்டின் மேல்மாடியில் ஒரு நீண்ட மேசை. ஒருவர் வண்ணப் படங்களை ஓரம் பிசகாமல் வெட்டுவார். அடுத்தவர் அடித்தாளைத் தயார்செய்வார். இன்னொருவர் லேஸை ஒட்டுவார். ஹௌலண்ட் மாதிரியைச் செய்து வைப்பார்; மற்றவர்கள் அதைப் பார்த்து அப்படியே செய்வார்கள். வீட்டை விட்டு வர முடியாத பெண்களுக்குத் தேவையான பொருள்களையும் ஒரு மாதிரியையும் பெட்டியில் போட்டு அனுப்பி, முடித்த அட்டைகளைப் பிறகு வாங்கிக்கொண்டார். ஹென்றி ஃபோர்டு கார்த் தொழிற்சாலையில் நகரும் தொடர் உற்பத்தியைக் கொண்டுவருவதற்கு 60 ஆண்டுகளுக்கு முன்பே, வேலையைக் கூறுபோட்டுக் கைமாற்றும் முறை இங்கே நடந்துகொண்டிருந்தது. 1850 பிப்ரவரியில் உள்ளூர்ப் பத்திரிகையில் அவருடைய விளம்பரம் வந்தது.

ஹௌலண்டின் அட்டைகளில் கவனிக்க வேண்டியது அடுக்குகள். வெள்ளை லேஸ் தாளின் அடியில் பளபளப்பான வண்ணத்தாள் வில்லையை வைத்தார். லேஸின் துளைகள் வழியே நிறம் எட்டிப் பார்க்கும். காகிதப் பட்டையை விசிறிபோல மடித்து இரண்டு அடுக்குகளுக்கு நடுவே ஒட்டினார். மேல் அடுக்கு தட்டையாகக் கிடக்காமல் சற்று எழும்பி நிற்கும். வாழ்த்து வரிகளை முகப்பில் போடாமல் உள்ளே வைத்தார். 1879இல் அவருடைய நியூ இங்கிலாந்து வேலன்டைன் கம்பெனி வரிகளை மட்டும் அச்சிட்டு ஒரு புத்தகமும் போட்டது. அட்டை பிடித்து, உள்ளே உள்ள வரி பிடிக்காவிட்டால், வேறு வரியை வெட்டி அதன் மேல் ஒட்டிக்கொள்ளலாம்.

நோயுற்ற அப்பாவைக் கவனிக்க வேண்டி, 1880களின் தொடக்கத்தில் ஹௌலண்ட் தொழிலை அதே ஊரின் ஜார்ஜ் விட்னிக்கு விற்றார். காலமும் மாறியிருந்தது. ஜெர்மனியிலிருந்து, வண்ணக் கல்லச்சில் அடித்து, புடைத்து, ஓரம் வெட்டிய படங்கள் ஏணிபோல ஒன்றோடொன்று இணைந்த தாள்களாக வந்து குவிந்தன. பாஸ்டனில் லூயி பிராங் 1870களிலேயே கிறிஸ்துமஸ் அட்டைகளைப் பல வண்ணங்களில் அச்சிட ஆரம்பித்திருந்தார். மலிவான ஜெர்மானியச் சரக்குக்கு அவராலும் ஈடுகொடுக்க முடியவில்லை. விட்னி நிறுவனம் இயந்திரத்தின் பக்கம் போய்ப் பல ஆண்டுகள் நிலைத்தது. 1942இல், போர்க்காலக் காகிதத் தட்டுப்பாட்டில் அதுவும் மூடியது.

கைவேலை திரும்பி வந்தது ரப்பர் ஸ்டாம்பின் வழியாக. சார்லஸ் குட்இயர் 1844இல் காப்புரிமை பெற்ற முறையில் கந்தகம் சேர்த்துச் சூடாக்கிய ரப்பர், வெயிலில் இளகாமல் குளிரில் நொறுங்காமல் இருந்தது. 1860களில் அதில் ஸ்டாம்ப் செய்ய ஆரம்பித்தார்கள். பல்செட்டின் ரப்பர்த் தளத்தை வேகவைக்கப் பல் மருத்துவர்கள் வைத்திருந்த சிறு கொதிகலன்களே அதற்கும் பயன்பட்டன. நூறாண்டுக்கும் மேலாக அலுவலகத் தேதியும் முகவரியும் குத்திய அந்தக் கருவியை 1970களில் அமெரிக்க ஓவியர்களும் பொழுதுபோக்குக்காரர்களும் கையில் எடுத்தார்கள். அடுத்த இருபது ஆண்டுகளில் பூவும் பறவையும் எழுத்துமாக ஸ்டாம்ப் விற்கவே தனி நிறுவனங்கள் வந்துவிட்டன.

எம்போஸிங்கும் உருமாறி வீட்டுக்குள் வந்தது. ஈரம் சீக்கிரம் காயாத மையில் ஸ்டாம்பைத் தொட்டு அட்டையில் குத்த வேண்டும். உடனே அதன்மேல் நுண்ணிய பிசின் பொடியைத் தூவி, மிஞ்சியதைத் தட்டிவிட வேண்டும். சூடான காற்றை ஊதினால் மங்கலான பொடி சில நொடிகளில் உருகி, பளபளக்கும் கோடாக மேடேறும். சூடு போதாவிட்டால் சொரசொரப்பாக நிற்கும். கூடிவிட்டால் தாள் உறிஞ்சி, மேடு தணிந்துபோகும்.

பொடியும் சூடும் வேண்டாம் என்றால் பழைய வழியும் இருக்கிறது. வடிவம் வெட்டிய பித்தளைத் தகட்டின் மேல் அட்டையை வைத்து, கீழிருந்து விளக்கு வெளிச்சம் வர, உருண்டை முனைக் கம்பியால் ஓரங்களைத் தேய்த்தால் போதும். பிளாஸ்டிக் உறைபோல மூடும் டைகளும் கையால் சுற்றும் உருளை இயந்திரமும் கடையில் கிடைக்கின்றன. டாப்ஸ் பட்டறையின் டையும் எதிரச்சும்தான் அந்த உறையின் இரண்டு பக்கங்கள். விசிறி மடிப்புப் பட்டைக்குப் பதில் இரு பக்கமும் பசையுள்ள நுரைத் துண்டுகள் வந்திருக்கின்றன. ஹௌலண்டின் மேசையில் பல பெண்கள் பங்கிட்டுச் செய்த வேலைகளை இன்று ஒருவரே உட்கார்ந்து செய்கிறார். டை செய்யும் வேலை மட்டும் பெரும்பாலும் தொழிற்சாலையிடமே இருக்கிறது.