காற்றைச் சேமித்து வைத்த கதை

டென்மார்க்கு நாட்டில் ஆஸ்கோவ் என்னும் சிற்றூரிலே, குடியானவர் வீட்டு இளைஞர் தங்கிப் பயிலும் பள்ளி ஒன்று இருந்தது. அங்கே பௌதிகம் கற்பித்த பௌல் லா கூர் என்பவர், 1891ஆம் ஆண்டில், மின்சாரம் தரும் காற்றாலை ஒன்றை நிறுவினார். காற்று அடங்கிய இரவில் விளக்கு எங்ஙனம் எரியும் என்பதே அவரை வாட்டிய வினா. காற்றாலை மின்சாரத்தால் நீரைப் பகுத்து, ஹைட்ரஜன் வாயுவைத் தொட்டியிலே சேர்த்து வைத்தார். 1895 முதல் 1902 வரை பள்ளி விளக்குகள் அவ்வாயுவைக் கொண்டே எரிந்தன. சிறிதளவு பிராணவாயு அதனுடன் கலந்துவிட்டால் வெடிக்கும். பலகணிக் கண்ணாடிகள் பலமுறை நொறுங்கினவாம். தலைமையாசிரியனாக இருந்த எனக்கு, அந்தக் கண்ணாடிக் கணக்கு எவர் தலையில் விழுந்தது என்றே முதலில் கேட்கத் தோன்றுகிறது!

அவரிடம் 1904இல் பயின்ற யொஹான்னெஸ் யூல், 1957இல் கெட்சரில் 200 கிலோவாட் காற்றாலையை எழுப்பினார். 1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பின்னர் அந்நாடு காற்றையே பெரிதும் நாடியது. இன்று அதன் மின்சாரத்திற் பாதிக்கு மேல் காற்றாலைகள் தருவதே. ஆயினும், ஆசிரியரின் பழைய வினா தீரவில்லை, நாடளவாகப் பெருகிவிட்டது. மின்தொடரில் வரவும் செலவும் ஒவ்வொரு நொடியும் ஒத்திருத்தல் வேண்டும். வரவு மிகுந்தால் நொடிக்கு 50 என்னும் அலைவெண் ஏறும், குறைந்தால் இறங்கும்.

இதற்கு அமெரிக்காவில் கெம்ப்டன், லெட்டெண்ட்ரே என்னும் இருவர் 1997இல் ஒரு வழி கூறினர். மோட்டார் வண்டி நாளின் பெரும்பகுதி சும்மா நிற்கிறது. மின்வண்டியாயின், அதன் மின்கலமும் உடன் நிற்கிறது. மின்சாரம் மிகும்போது அது வாங்கிக்கொள்ளட்டும். குறையும்போது திருப்பித் தரட்டும் என்றனர்.

2016இல் கோபன்ஹேகனை அடுத்த பிரெடெரிக்ஸ்பெர்க்கில் பத்து மின்வண்டிகள் இப்பணியில் இறங்கின. பகலில் ஊர் வேலை. நின்றவுடன் அலைவெண்ணைப் பார்த்து வாங்கலும் கொடுத்தலும். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 10 கிலோவாட் அளவே. பத்து வண்டிகள் ஒரு புயற்காற்றைச் சேமித்துவிடும் என எவரும் மயங்க வேண்டா. அவை நொடிப்பொழுதின் ஏற்ற இறக்கத்தையே ஈடுசெய்தன. இவ்வாறு திருப்பித் தருவதால் மின்கலம் விரைவில் தேயுமோ என்ற அச்சமும் உண்டு. ஆகவே, காற்று மிகும் நேரம் பார்த்து மின்னேற்றுவதே பெரும் பயன் தரும் எளிய முறை என்பது என் கருத்து.

விடியலில் வண்டியோட்டி வந்து பார்க்கையில் மின்கலம் வெறுமையாக இருப்பின் யார் பொறுப்பு? அதனால், வண்டி புறப்படும் வேளையையும், அப்போது மின்கலத்தில் இருக்க வேண்டிய அளவையும் கணிப்பொறி முன்னரே அறிந்திருக்க வேண்டும். அவ்வளவை ஒதுக்கிவிட்டு, எஞ்சியதைக் கொண்டே இரவுக் கொடுக்கல் வாங்கல் நடைபெறும்.