நடுவுடல் தசைப் பயிற்சியும் பாத அழுத்தமும்: குறைப்பா, மறுபங்கீடா?

வயிறு, முதுகு, இடுப்பு ஆகியவற்றைச் சூழ்ந்த தசைகளுக்குப் பயிற்சி அளித்தால் நடை சீர்படும், பாதத்தின் மீதான அழுத்தமும் குறையும் என்ற கூற்று இயன்முறை மருத்துவ வட்டாரத்தில் அடிக்கடி எழுகிறது. உடற்பயிற்சிக் கூடங்களில் ‘கோர்’ எனப்படும் இத்தொகுதியை இக்கட்டுரை நடுவுடல் தசைகள் என்று குறிக்கும். கூற்றின் முற்பாதிக்குச் சிலவகை நோயாளிகளிடம் நல்ல சான்று உண்டு. பிற்பாதி, இன்று சொல்லப்படும் வடிவில், இயற்பியலோடு ஒத்துப்போவதில்லை.

சமதளத்தில் மாறா வேகத்தில் ஒருவர் நடக்கிறார். அவருடைய இரு பாதங்களும் தரைமீது செலுத்தும் செங்குத்து விசையைக் கூட்டி, ஒரு முழு நடைச் சுழற்சிக்குச் சராசரி எடுத்தால், விடை அவரது உடல் எடையே. எத்தனை வாரம் பிளாங்க் செய்தாலும் இந்தச் சமன்பாடு அசையாது. ஒவ்வொரு காலடியிலும் விசை இருமுறை உச்சம் தொட்டு, எடையைக் காட்டிலும் ஏறத்தாழ 10 முதல் 20 விழுக்காடு மிகுவது உண்மைதான். உடலின் ஏற்ற இறக்கத்தைத் தணித்து அவ்வுச்சங்களைச் சற்று மட்டுப்படுத்தலாம். ஆனால் மெதுவாக நடந்தாலே அதைவிட எளிதாக மட்டுப்படும். எனவே பயிற்சிக்கு எஞ்சியிருப்பது பங்கீடு மட்டுமே: எந்தக் காலுக்கு எவ்வளவு, பாதத்தின் உட்புறத்துக்கா வெளிப்புறத்துக்கா, எவ்வளவு நேரம்? நடுவுடல் பயிற்சியை மதிப்பிட வேண்டிய கேள்விகள் இவை என்பதே என் வாதம்.

பயிற்சி எவ்வழியில் வேலை செய்கிறது என்பதிலும் ஒரு பழைய குழப்பம் நீடிக்கிறது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் ஹாட்ஜஸும் கரோலின் ரிச்சர்ட்சனும் 1996-இல் வெளியிட்ட ஆய்வில், நலமுள்ளவர் கையை விரைந்து உயர்த்தும்போது தோள்தசை சுருங்குவதற்கு முன்பே ஆழத்திலுள்ள குறுக்கு வயிற்றுத் தசை சுருங்குவதைக் காட்டினர். நாட்பட்ட கீழ்முதுகுவலி உடையவர்களிடம் அந்த முன்னேற்பாடு தாமதமாயிற்று. கால் அசைவிலும் இத்தகைய முன்சுருக்கம் இருப்பதை மறு ஆண்டில் பதிவு செய்தார்கள். அவர்கள் அளந்தது நேரத்தை. பின்வந்தோர் பலர் அதை வலுக்குறைவு என்று படித்துக்கொண்டனர். வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டே நடக்கச் சொல்லும் அறிவுரை அப்படித்தான் பரவியது.

சமதள நடைக்கு வயிற்றுத் தசைகளின் உச்சத் திறனில் ஒரு சிறு பங்கே தேவை என்பதைத் தசை மின்பதிவுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. தேவையைவிடப் பலமடங்கு வலு ஏற்கெனவே கையிருப்பில் உள்ளபோது, மேலும் வலுவேற்றுவதால் நடை மாறும் என்று எதிர்பார்க்க முகாந்திரமில்லை. இயால் லெடர்மன் 2010-இல் நடுவுடல் நிலைப்புக் கோட்பாட்டையே ஒரு கட்டுக்கதை எனச் சாடினார். வலுவைப் பற்றிய அளவில் அவர் சொன்னது சரி. ஆனால் கட்டுப்பாடு, அதாவது மேலுடலைச் சரியான தருணத்தில் சரியான இடத்தில் நிறுத்தும் திறன், அந்தச் சாடலுக்குள் முழுதாக அடங்கிவிடுவதில்லை.

இங்கேதான் பாத அழுத்தம் உள்ளே வருகிறது. தலை, கைகள், உடற்பகுதி ஆகியவை சேர்ந்து உடல் நிறையில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு. நடைச் சுழற்சியின் பெரும்பகுதியில் இந்தச் சுமை ஒற்றைக்கால் மேல் நிற்கிறது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் டேவிட் வின்டர் விளக்கியதுபோல, அவ்வேளையில் உடலின் நிறை மையம் ஊன்றிய பாதத்துக்கு நேர் மேலே இருப்பதுகூட இல்லை. பாதத்தின் உள்விளிம்புக்கும் உட்புறமாகவே கடந்து செல்கிறது. விழத் தொடங்கும் உடலை அடுத்த பாதம் வந்து தாங்குவதே நடை.

60 கிலோ எடையுள்ளவரை எடுத்துக்கொள்வோம். மேலுடல் சுமார் 40 கிலோ. அதன் நிறை மையம் இடுப்பு மூட்டுக்கு மேல் 30 செ.மீ. உயரத்தில் இருப்பதாகக் கொண்டால், பக்கவாட்டில் 6 பாகை சாய்ந்தாலே அது 3 செ.மீ. நகர்கிறது; முழு உடலின் நிறை மையம் 2 செ.மீ. நகர்கிறது. குதிகாலின் அகலம் ஆறு செ.மீ. அளவே என்பதை நினைத்தால் இது சிறு தொகையன்று. அந்த நகர்வை உடல் எங்காவது ஈடுகட்டியாக வேண்டும்: அடுத்த அடியை அகட்டி வைக்கும், கணுக்காலைப் புரட்டும், அல்லது பாதத்தின் ஓரத்தில் எடையைப் போடும். இடுப்பின் பக்கத் தசை தளர்ந்தவர் ஊன்றிய காலின் பக்கமாகவே உடலைச் சாய்த்து நடப்பதை ஃபிரீட்ரிக் டிரெண்டலன்பர்க் 1895-இலேயே விவரித்துவிட்டார். பாதத்தடியில் உணரிகள் வைத்து அழுத்த மையத்தின் பாதையை வரையும் வசதி பின்னால் வந்தது. பாதத்தில் காணும் பிழைக்கு மேலேயும் காரணம் தேடவேண்டும் என்ற பார்வை பழையது.

சாய்வே இல்லாதவரிடம் இப்பயிற்சி எதைத் திருத்தும்? நலமுள்ள இளைஞர்களைக் கொண்ட முன்-பின் ஒப்பீடுகளில் அழுத்த மாற்றம் தென்பட்டால், முதலில் நடைவேகத்தைச் சந்தேகிக்க வேண்டும். வேகம் கூடினால் குதிகாலிலும் முன்பாதத்தின் உட்புறத்திலும் அழுத்தம் ஏறும். வேகத்தை நிலைநிறுத்தாமல் எடுத்த அழுத்த வரைபடம் பயிற்சியின் விளைவையும் வேகத்தின் விளைவையும் பிரித்துக் காட்டாது. பயிற்சித் தொகுப்புகளும் தூயவை அல்ல. பிரிட்ஜிங், ஒற்றைக்கால் நிற்றல் போன்றவை இடுப்பு, கணுக்கால் தசைகளையும் சேர்த்தே பழக்குகின்றன. பலனை வயிற்றுத் தசையின் கணக்கில் மட்டும் எழுதுவது நியாயமில்லை.

பக்கவாத நோயாளிகளின் நிலை வேறு. அவர்களுக்கு மேலுடல் கட்டுப்பாடு உண்மையிலேயே குலைந்திருக்கிறது; எடையை நல்ல கால்மேல் போட்டுப் பாதித்த காலை இலேசாகவே ஊன்றுகிறார்கள். பக்கவாதத்துக்குப் பின்னான உடற்பகுதிப் பயிற்சி பற்றி 2023-இல் வெளிவந்த காக்ரேன் தொகுப்பாய்வில், ஒப்பிடப்பட்ட குழுவுக்கும் அதே அளவு சிகிச்சை நேரம் கொடுக்கப்பட்ட ஆய்வுகளில்கூட நடைத்திறன் மேம்பட்டிருந்தது. அன்றாடச் செயல்களில் அத்தகைய மேம்பாடு அந்த ஒப்பீட்டில் தெரியவில்லை. இது வரம்புடைய பலன்தான், ஆயினும் பலனே.

ஆனால் அந்த நோயாளியின் பாத அழுத்தம் என்னவாகும்? நடை சமச்சீரை நெருங்கினால், இதுவரை ஒதுக்கி வைத்த காலின்மீது விசை கூடும். அழுத்தம் குறைவதே வெற்றி என்று முன்கூட்டியே முடிவு செய்த ஆய்வாளர் இந்த முன்னேற்றத்தைத் தோல்வியாகப் பதிவு செய்வார். ஒரு பாதத்தை மட்டும் அளக்கும் ஆய்வுகளை நான் ஐயத்தோடு படிப்பது இதனால்தான்.

உணர்விழந்த பாதங்களில் இது அளவீட்டுச் சிக்கலோடு நிற்பதில்லை. 1946-இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதப்புண்ணுக்குக் காரணம் சதை தானாக அழுகுவதன்று, வலி தெரியாத இடத்தில் அடிமேல் அடியாக விழும் அழுத்தமே என்று நிறுவினார். அதே விளக்கம் பின்னர் நீரிழிவுப் பாதத்துக்கும் பொருந்தியது. காலணிக்குள் உச்ச அழுத்தம் 200 கிலோபாஸ்கலுக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது நீரிழிவுப் பாத வழிகாட்டுதல்களில் இன்று இடம்பெறும் இலக்கு. அந்த உச்சத்தைப் பெரிதும் தீர்மானிப்பவை புடைத்த எலும்புத் தலை, வளைந்த விரல், மெலிந்த கொழுப்புத் திண்டு, இறுகிய கணுக்கால் ஆகியவை. இவற்றில் எதையும் நடுவுடல் பயிற்சி தொடுவதில்லை. மைக்ரோசெல்லுலார் ரப்பர் செருப்பு எடையை அகன்ற பரப்பில் பரப்பி நேரடியாகச் செய்யும் வேலையைப் பிளாங்க் செய்யும் என்று நோயாளிக்கு நம்பிக்கை தருவது ஆபத்து.

பக்கவாதமும் நீண்டநாள் நீரிழிவும் ஒருவருக்கே இருக்கும்போது இரண்டு பாதைகளும் மோதுகின்றன. மேலுடல் பயிற்சியால் நடை தேறும். தேறியதால் பாதித்த காலில் விசை கூடும். நாளொன்றுக்கு அவர் எடுத்துவைக்கும் அடிகளும் கூடும். அந்தப் பாதத்துக்கு வலி தெரியாது. இத்தகையவரிடம் பயிற்சி தொடங்குமுன் 10 கிராம் மோனோஃபிலமென்ட் இழையால் இரு பாதங்களின் உணர்வையும் சோதிக்க வேண்டும். செருப்பை முதலில் சரிசெய்து, பயிற்சிக் காலம் முழுவதும் ஒரே நடைவேகத்தில் இரு காலணிகளுக்குள்ளும் அழுத்தத்தை அளந்து வரவேண்டும். பாதித்த காலின் உச்ச அழுத்தம் எல்லையை நெருங்கினால், செருப்பு மாற்றப்படும்வரை நடைநேரத்தைக் குறைத்து, உட்கார்ந்த நிலைப் பயிற்சிகளை மட்டும் தொடரலாம்.