நஞ்சும் சாட்சியும்

'அல்கிலி' என்னும் அரபுச் சொல் செடிகளை எரித்தெடுத்த சாம்பலைக் குறிப்பது. அதிலிருந்தே மேலைநாட்டார் 'ஆல்கலி' என்னும் சொல்லைப் பெற்றனர். 1819 ஆம் ஆண்டில் ஜெர்மானியரான மெய்ஸ்னர், செடிகளில் கிடைக்கும் ஒருவகைப் பொருள்களுக்கு 'ஆல்கலாய்டு' எனப் பெயரிட்டார். புகையிலையின் நிகோட்டினும் கோக்கா இலையின் கொக்கெயினும் இவ்வினத்தவையே. நரம்புகளை முடுக்கிவிடும் இவை அளவு கடந்தால் உயிரையே மாய்க்கும். உடலில் புகுந்த இந்நஞ்சை எவ்வாறு கண்டறிவது?

1850 இல் பெல்ஜியத்தில் பொகார்மே என்னும் பிரபு, தம் மைத்துனருக்கு நிகோட்டினைப் புகட்டிக் கொன்றார். தடயத்தை மறைக்கக் காடியையும் ஊற்றினார். பிணத்தில் செடி நஞ்சைக் காண்பது அரிது என அறிஞர்களே கருதிய காலம் அது. ஸ்தாஸ் என்னும் இரசாயன அறிஞரோ, ஈதரின் துணையால் உறுப்புகளிலிருந்து அந்நஞ்சைப் பிரித்துக் காட்டினார். 1851 இல் பிரபுவின் தலை துண்டிக்கப்பட்டது.

மாண்டவருக்கு நீதி கிடைத்தது. ஆனால், உயிருக்குப் போராடும் நோயாளிக்கு நாள்கணக்கில் நீளும் ஆய்வு உதவுமா? விரைவான வழி, நூறாண்டுகள் கழித்தே பிறந்தது. 1959-60 இல் அமெரிக்காவில் பெர்சனும் ரோசலின் யாலோவும், உடலின் எதிர்ப்புப் புரதத்தைக் கொண்டு இரத்தத்திலுள்ள இன்சுலினை அளந்தனர். யாலோ 1977 இல் நோபல் பரிசு பெற்றார். எதிர்ப்புப் புரதத்தைக் கருவியாகக் கொள்ளும் சிறுநீர்ச் சோதனைகள் 1970களில் பரவின. கொக்கெயின், அம்ஃபெட்டமின் ஆகியவற்றின் சுவடுகளை அவை விரைவில் காட்டின.

எனினும், அப்புரதம் பொருளின் வடிவத்தைப் பற்றுவதேயன்றி உண்மையைப் பற்றுவதன்று. மூக்கடைப்புக்கு உண்ணும் சூடோஎஃபெட்ரினையும் அது அம்ஃபெட்டமின் என மயங்கிக் காட்டலாம். குற்றமற்றவர்மீது பழி விழும். கொக்கெயினின் சிதைபொருளோ, உட்கொண்டு இரண்டு மூன்று நாள்கள் கழிந்தும் சிறுநீரில் தென்படும். அன்று நோயாளியை வாட்டுவது மூளைக்காய்ச்சலாக இருப்பினும், தாள் போதையையே காட்டிக்கொடுக்கும். அதனை நம்பி நின்றால் உயிர் போய்விடும். புதிதாகச் செய்யப்படும் செயற்கைப் போதைப்பொருள்கள் பல இச்சோதனைக்கு அகப்படாமலே தப்பிவிடுவதும் உண்டு.

ஆதலின், தேர்ந்த மருத்துவர் தாளுக்காகக் காத்திருப்பதில்லை. விரிந்த கண்மணி, பெருகும் வியர்வை, விரையும் நாடி, ஏறும் உடல்வெப்பம் ஆகியவற்றை முதலில் நோக்குகிறார். இரத்தச் சர்க்கரையைச் சோதிக்கிறார். டயசெபாம் போன்ற மருந்தால் கொந்தளிப்பைத் தணித்து, உடலைக் குளிரச் செய்கிறார். ஐயம் எஞ்சினால், பொருள்களைப் பிரித்து எடைகாணும் நுண்கருவியால் முடிவை உறுதி செய்யச் சொல்கிறார்.

சாட்சியின் சொல்லை ஆராயாமல் காஜியார் தீர்ப்பளிப்பதில்லை. சோதனைத் தாளும் ஒரு சாட்சியே. அதனை ஆராயும் பொறுப்பு, நோயாளியின் அருகில் நிற்கும் மனிதரிடமே இன்றும் இருக்கிறது.