ஒழுகக்கூடாத அணையும் ஒழுகவேண்டிய குளமும்

யாழ்ப்பாணத்தில் நீர்மின் அணை இல்லை. மலையுமில்லை, வருசம் முழுக்க ஓடுகிற ஆறுமில்லை. பிறகேன் நாங்கள் நீர்த்தேக்கத்தின் அடியில் என்ன விரிக்கிறது எண்டு கதைக்கவேணும்? எங்கட காலுக்குக் கீழ இருக்கிற சுண்ணாம்புக்கல்தான் காரணம்.

சுண்ணாம்புக்கல் மழைநீரில் மெல்லக் கரையும், வெடிப்பும் பொந்துமாகும். பலாங்கொடைப் பக்கம், வளவை கங்கையில் 120 மெகாவாட் மின்சாரத்துக்காகக் கட்டின சமனலவெவ அணையின் வலது கரைக்குள்ளும் இப்படிக் கரைந்த பாறைதான் இருந்தது. சீமெந்துக் கலவையைச் செலுத்தித் திரை போட்டார்கள். ஆனாலும் 1992இல் கரையைப் பிய்த்துக்கொண்டு தண்ணீர் பாய்ந்தது. 1998இல் களிமண்ணை நீருக்குள் கொட்டி அடைக்கப் பார்த்தார்கள். கசிவு முழுதாக நிற்கவில்லை. அணைக்காரருக்கு அது நட்டம். கீழே கல்தோட்டை வயல்காரருக்கோ அது பாசனநீர்.

யப்பானின் ஒக்கினாவாவில் கதை வேறு. 1999இல் இயங்கத் தொடங்கின நீர்மின் நிலையமொன்று கடல்நீரையே மேட்டுக்கு ஏற்றித் தேக்கியது. உப்பு நிலத்தில் இறங்கினால் ஊரே கெடும். அதனால் தேக்கம் முழுக்க இறப்பர் விரிப்புப் போட்டார்கள்.

எங்கட கணக்கு இந்த இரண்டுக்கும் எதிர்ப்பக்கம். கிணற்றில் நாங்கள் அள்ளுகிற நன்னீர், கீழே கிடக்கிற உவர்நீருக்கு மேல் மிதக்கிறது. நிலாவரையில் ஆழம் போகப்போக உப்புத்தான். மழை இறங்காவிட்டால் உப்பு மேலேறும். குளங்களும் கேணிகளும் மாரித் தண்ணீரை மறித்து, ஆறுதலாகக் கீழே விடுகின்றன. 1954இல் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் முன்வைத்த 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' திட்டத்தின் அடிப்படையும் இதுதான்: ஆனையிறவுக் கடலேரியில் கடலை மறித்து, நன்னீரைத் தேக்கி, வடமராட்சிப் பக்கம் கொண்டுவந்தால் அது சுண்ணாம்புக்கல்லுக்குள் ஊறிக் கிணறுகளைக் காக்கும். வேலை தொடங்கியது, முடியவேயில்லை.

ஆகவே களிமண்ணோ, கொங்கிறீற்றோ, இறப்பரோ எண்டதை விலை பார்த்துத் தீர்மானிக்க ஏலாது. தண்ணீர் எங்கே போகவேணும் எண்டதுதான் முதல் கேள்வி. உங்கட ஊர்க் குளத்தைத் 'திருத்த' ஆட்கள் வந்து, அடியில் பொலித்தீனோ கொங்கிறீற்றோ போடப்போறம் எண்டால், பக்கத்துக் கிணறுகளுக்கு இனித் தண்ணீர் எங்கால வரும் எண்டு கேளுங்கோ. வருசம் முழுக்க நிறைஞ்சு நிற்கிற குளம் படத்துக்கு வடிவுதான். எங்களுக்குக் குடிக்கத் தண்ணீர் வேணும்.