மடிக்கணினி மின்கலம் மின்னேறாமை

மடிக்கணினி மின்கலம் மின்னேறாமை என்பது, மடிக்கணினியைச் சுவர் மின்சாரத்துடன் இணைத்த பின்னும் அதன் மின்கலத் தொகுதியில் மின்னேற்ற அளவு உயராமல் நிற்கும் நிலையாகும். பேச்சு வழக்கில் இது "பேட்டரி சார்ஜ் ஏறவில்லை" எனப்படுகிறது. இந்நிலை எப்போதும் மின்கலம் பழுதானதைக் குறிப்பதில்லை. தகவி (அடாப்டர்), கணினியினுள் உள்ள மின்னேற்றச் சுற்று, மின்கலத் தொகுதி ஆகிய மூன்றில் எதுவும் காரணமாக இருக்கலாம். எதுவுமே பழுதாகாமல், பாதுகாப்புக் கருதிக் கணினியே மின்னேற்றத்தை நிறுத்தி வைத்திருப்பதும் உண்டு.

மின்னேறும் முறை

இன்றைய மடிக்கணினிகளில் இலித்தியம் அயனி மின்கலங்கள் பயன்படுகின்றன. இவ்வகை மின்கலத்தை 1991 இல் சோனி நிறுவனம் முதன்முதலில் வணிக முறையில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஒரு தனிக் கலத்தின் பெயரளவு மின்னழுத்தம் 3.6 அல்லது 3.7 வோல்ட்டு ஆகும். முழுதும் மின்னேறியபோது இது பெரும்பாலான வகைகளில் 4.2 வோல்ட்டாக இருக்கும். மூன்று கலங்களைத் தொடராக இணைத்தால் ஏறத்தாழ 11 வோல்ட்டுத் தொகுதி கிடைக்கும்.

மின்னேற்றம் இரண்டு கட்டங்களாக நடைபெறுகிறது. முதலில் மாறாத மின்னோட்டம் செலுத்தப்படுகிறது. கலம் தன் உச்ச மின்னழுத்தத்தை எட்டியதும் அம்மின்னழுத்தம் மாறாமல் வைக்கப்பட, மின்னோட்டம் படிப்படியாகக் குறைகிறது. கடைசி இருபது விழுக்காடு மெதுவாக ஏறுவது இதனாலேயே. அது கோளாறு அன்று.

தொகுதியினுள் கலங்களுடன் ஒரு சிறு மின்சுற்றும் உண்டு. அது கலங்களின் மின்னழுத்தம், வெப்பநிலை, எஞ்சிய மின்னேற்றம் ஆகியவற்றை அளந்து கணினிக்குத் தெரிவிக்கிறது. இதற்கான பொது விதிமுறையை 1990களின் நடுப்பகுதியில் இன்டெல், டியூராசெல் நிறுவனங்கள் வகுத்தன. கணினியின் கட்டுப்படுத்திக்கு இத்தகவல் முறையாகக் கிடைத்தால்தான் மின்னேற்றம் தொடங்கும். எனவே வெறும் மின்சாரம் வந்து சேர்வது மட்டும் போதாது.

தகவியும் இணைப்பும்

சோதனையை எளியதிலிருந்து தொடங்குவது நன்று: சுவர்ச் செருகி, மின்வடம், தகவி, கணினியின் செருகுதுளை என்னும் வரிசையில் பார்க்க வேண்டும். மின்கலத்தைக் கழற்றிவிட்டு, அல்லது அது முற்றும் வடிந்த நிலையில், தகவியுடன் மட்டும் கணினி இயங்கவில்லை எனில் முதலில் ஐயுற வேண்டியவை தகவியும் செருகுதுளையுமே. இயங்கியும் மின்னேறவில்லை எனில் காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும்.

தகவியின் திறனும் முக்கியமானது. அதன் மேல் அச்சிட்டுள்ள வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட்டு கிடைக்கும், 19.5 வோல்ட்டு, 3.34 ஆம்பியர் என்றால் 65 வாட்டு. கணினி வேண்டுவதைவிடத் திறன் குறைந்த தகவி, கணினியை ஓட்டவே தன் ஆற்றலைச் செலவிட்டுவிடும். அப்போது கணினியை அணைத்து வைத்தால் மட்டும் மின்கலம் ஏறக்கூடும். டெல் நிறுவனத்தின் வட்டச் செருகித் தகவிகளில் நடுவிலுள்ள மெல்லிய முள், தகவியின் அடையாளத்தைக் கணினிக்குச் சொல்கிறது. அம்முள் வளைந்தாலோ உள்ளிருக்கும் கம்பி அறுந்தாலோ கணினி இயங்கும், மின்கலம் ஏறாது. இதை மின்கலப் பழுதென்று எண்ணிப் புதியது வாங்கியும் பயன் இராது.

யூஎஸ்பி-சி வழி மின்னேறும் கணினிகளில் தகவியும் கணினியும் பேசி மின்னழுத்தத்தை முடிவு செய்கின்றன. உடன்பாடு ஏற்படாவிடில் 5 வோல்ட்டு மட்டுமே கிடைக்கும். கைப்பேசியின் மின்னேற்றி பல மடிக்கணினிகளை ஏற்ற முடியாமைக்கு இதுவே காரணம்.

செருகியை அசைக்கும்போது விளக்கு விட்டுவிட்டு எரிந்தால், செருகுதுளை தாய்ப்பலகையுடன் இணையும் பற்றாசு விட்டிருக்கலாம். அவ்விடம் சூடேறுமாயின் பயன்பாட்டை உடனே நிறுத்த வேண்டும்.

கணினி தானே நிறுத்துதல்

முழு மின்னேற்றத்தில் நெடுநேரம் வைத்திருப்பது இலித்தியம் அயனி மின்கலத்தின் ஆயுளைக் குறைக்கும். இதனால் பல நிறுவனங்கள் மின்னேற்றத்தை 60 அல்லது 80 விழுக்காட்டில் நிறுத்தும் வசதியைத் தருகின்றன. கணினி எப்போதும் 80 இலேயே நிற்பதாகக் கருதுவோர் முதலில் இவ்வமைப்பைச் சரிபார்க்க வேண்டும்.

வெப்பநிலை மற்றொரு காரணம். பொதுவாக 0 முதல் 45 பாகை செல்சியசு வரையே மின்னேற்றம் அனுமதிக்கப்படுகிறது. உறைநிலைக்குக் கீழ் மின்னேற்றினால், கிராபைட்டு மின்வாயினுள் நுழைய வேண்டிய இலித்தியம் அதன் மேற்பரப்பில் உலோகமாகப் படிந்து உட்குறுக்குச்சுற்றுக்கு வழிவகுக்கும். மெத்தைமீது வைத்து இயக்கிய கணினி சூடேறி மின்னேற்றத்தை நிறுத்துவது அடிக்கடி காணப்படுவது. குளிர்ந்ததும் தானே தொடரும்.

கட்டுப்படுத்தி நிலைதடுமாறியும் இக்கோளாறு தோன்றலாம். தகவியையும், கழற்றத்தக்கதாயின் மின்கலத்தையும் நீக்கிவிட்டு, ஆற்றல் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்தால் பல கணினிகளில் அது மீளத் தொடங்கும்.

ஆழ்ந்த வடிதல்

மாதக்கணக்கில் பயன்படாமல் கிடந்த மின்கலம் மிகவும் வடிந்துவிடும். கலத்தின் மின்னழுத்தம் ஏறத்தாழ 3 வோல்ட்டுக்குக் கீழ் இறங்கியிருந்தால், சுற்று முதலில் மிகச் சிறிய மின்னோட்டத்தையே செலுத்தும். திரையில் நெடுநேரம் 0 விழுக்காடு என்றே இருக்கும். எனவே சில மணி நேரம் பொறுத்துப் பார்ப்பதில் தவறில்லை. இன்னும் கீழே இறங்கினால் கலத்தினுள் உள்ள செப்புத் தகடு கரையத் தொடங்கும். அத்தகைய கலத்தை மீண்டும் ஏற்றுவது தீ விபத்தில் முடியலாம் என்பதால், பாதுகாப்புச் சுற்று மின்னேற்றத்தை நிலையாக மறுத்துவிடும். சில தொகுதிகளில் இதற்கென்றே ஓர் உருகி எரிக்கப்படுகிறது. வெளியிலிருந்து கம்பி கொடுத்து இம்மறுப்பைத் தாண்டச் செய்யும் முறைகள் பரவலாகக் கூறப்படுகின்றன. அவை அந்தப் பாதுகாப்பையே அகற்றுவதாகும்.

தேய்மானமும் உப்புதலும்

மடிக்கணினி மின்கலங்கள் பொதுவாக 300 முதல் 500 வரையிலான முழுச் சுழற்சிகளில் தம் தொடக்கக் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கை இழக்கின்றன. சில வகைகள் 1000 சுழற்சிவரை தாங்கும். விண்டோசு 8 முதலான பதிப்புகளில் மின்கல அறிக்கையொன்றை உருவாக்கி, வடிவமைப்புக் கொள்ளளவையும் தற்போதைய முழுக் கொள்ளளவையும் ஒப்பிடலாம். தேய்மானம் பயன்பாட்டு நேரத்தைக் குறைக்குமே அன்றி, அது மட்டுமே மின்னேற்றத்தைத் தடுப்பது குறைவு.

தொடுதளம் மேலெழும்புதல், அடிப்பாகம் புடைத்தல், மூடி சரியாக மூடாமை ஆகியவை மின்கலம் வாயுவால் உப்பியிருப்பதன் அறிகுறிகள். இங்கு மேற்கொண்டு சோதனை எதுவும் கூடாது. தகவியை எடுத்துவிட்டுக் கணினியை அணைக்க வேண்டும். மின்கலத்தைக் குத்துவதோ அழுத்துவதோ ஆபத்தானது. கலத்தின் உட்குறுக்குச்சுற்று எவ்வளவு பெரிய சிக்கலாகும் என்பதற்கு 2006 ஆம் ஆண்டு நிகழ்வு சான்று. சோனி தயாரித்த கலங்களில் நுண்ணிய உலோகத் துகள்கள் கலந்திருந்ததால், டெல் நிறுவனம் ஏறத்தாழ 41 இலட்சம் மடிக்கணினி மின்கலங்களைத் திரும்பப் பெற நேர்ந்தது. நீக்கிய மின்கலத்தின் முனைகளை ஒட்டுநாடாவால் மூடி, மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் ஒப்படைக்க வேண்டும். வீட்டுக் குப்பையில் இடலாகாது.