கேப்பை முடிச்சு

பரளச்சியில் நான் தையல் மெஷின் போட்ட புதிது. 1987-ல் மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் பெரியம்மாவுக்கு இடது மார்பை எடுத்துவிட்டார்கள். புற்று என்று ஊரில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. "கட்டி எடுத்தாக" என்பதோடு சரி. நாலு மாதம் முந்தானையை இழுத்து இழுத்துப் போர்த்தியபடி நடந்தவள், ஒருநாள் கிழிந்த வேட்டியும் காட்டுப் பருத்தியும் கொண்டுவந்து, "இதுல ஒரு பை தச்சுக் குடு தாயி" என்றாள்.

பஞ்சு மட்டும் அடைத்த பை, கை தூக்கினால் கழுத்துக்கு ஏறிவிட்டது. கனம் இல்லை. பருத்திக்கொட்டை போட்டேன், உறுத்தியது. கடைசியில் கேப்பையைத் தனித்துணியில் முடிந்து நடுவில் வைத்து, சுற்றிலும் பஞ்சு திணித்தேன். தோள் சமமாக நின்றது. வியர்வைக்கு நனைந்து வண்டு விழும். மாதம் ஒருமுறை பிரித்து மாற்றுவேன்.

பெரியம்மாவுக்குச் செய்த ஆபரேஷனின் மூலவர் வில்லியம் ஹால்ஸ்டெட், அமெரிக்கர். 1882-ல் தொடங்கினார். மார்போடு நெஞ்சுத் தசையையும் அக்குளில் உள்ள நிணநீர் முடிச்சுகளையும் சேர்த்தே எடுத்துவிடுவார். எடுத்த இடத்தில் ஒட்டுவேலை செய்தால் நோயை அடக்குவது கெட்டுவிடும் என்பது அவர் கட்சி. அவர் சொல்லுக்கு வெகுகாலம் மறுசொல் இல்லை. இத்தனைக்கும் 1895-லேயே ஜெர்மனியில் செர்னி என்பவர், ஒரு பெண்ணின் இடுப்புப் பக்கமிருந்த கொழுப்புக் கட்டியை எடுத்து மார்பில் வைத்துப் பார்த்திருக்கிறார். இத்தாலியில் தான்சினி முதுகுத் தசையைத் திருப்பிக் கொண்டுவந்து புண்ணை மூடினார். 1962-ல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் சிலிக்கோன் பை வந்தது. 1982-ல் ஹார்ட்ராம்ப் என்பவர் அடிவயிற்றுச் சதையையே மேலே ஏற்றி மார்பாக்கும் முறையை எழுதி வெளியிட்டார். தசையைத் தொடாமல் தோலையும் கொழுப்பையும் மட்டும் எடுத்து, நுண்ணோக்கியில் பார்த்து ரத்தக்குழாயைத் தைப்பது அதற்கும் பின்னால் வந்தது. தையல்காரிக்கு இதைப் படித்தபோது பொறாமையாக இருந்தது.

நம் நாட்டுக்கு ஒட்டுவேலை புதிதல்ல. காவஸ்ஜி என்ற வண்டிக்காரரின் அறுபட்ட மூக்கை நெற்றித் தோலால் ஒட்டவைத்ததை 1794-ல் லண்டன் பத்திரிகை படத்தோடு போட்டது. மூக்கு போனால் ஊருக்குத் தெரியும். மார்பு போனால் சேலை மூடிக்கொள்ளும். அதனால்தான் மார்பைத் திரும்ப அமைப்பது பற்றி யாரும் பேசவில்லை என்பேன்.

டாக்டர்களை மட்டும் குறை சொல்லவும் மனம் வரவில்லை. தங்கையைப் புற்றுக்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் அடையாறில் ஆஸ்பத்திரி திறந்தபோது இருந்தது 12 படுக்கை. உயிர் தங்கினால் போதும் என்றிருந்த காலம்.

ஆனாலும் பெரியம்மா படுத்திருந்த வருஷம், வயிற்றுச் சதை முறைக்கு ஐந்து வயது. அப்படியொன்று இருப்பதாக அவளிடம் யாரும் சொல்லவில்லை. இன்னும் 21 வருஷம் அந்தப் பையோடு மிளகாய்க் காட்டில் களையெடுத்தாள்.

ஆபரேஷனுக்கு நாள் குறிக்குமுன் கேளுங்கள்: எடுக்கிற அன்றே திரும்ப அமைக்க முடியுமா, கரண்டு (கதிர்வீச்சு) வைத்தபின் செய்யலாமா, என் சதையா சிலிக்கோனா, காப்பீட்டில் வருமா? வேண்டாம் என்று முடிவெடுத்தாலும் சரிதான். கடைக்கு வாருங்கள், கேப்பை இருக்கிறது.